பார்க்க அனுப்பிய மூன்று அபாயா

"ரமழான் பிறை 23, செவ்வாய். கொழும்பில் சரக்கு எடுத்துவிட்டு இரவு பஸ்ஸில் வந்து காலையில் இறங்கினேன். கடை திறக்கு முன்பே வாசலில் ஆட்கள். துணி வாங்க வந்தவர்கள் அல்லர், வீடியோவைப் பற்றிக் கேட்க வந்தவர்கள். எல்லார் வாயிலும் ஆபிதா டீச்சரின் பெயர். ரிஸாத் நல்ல சந்தோஷத்தில் இருக்கிறான்."

இது என் கடை டயரியில் உள்ள குறிப்பு. கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பையனாகச் சேர்ந்து, அதே கடையில் மெனேஜராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சேர்ந்த நாள் முதல் தினமும் நாலு வரியாவது எழுதும் பழக்கம் உண்டு. மழை, சரக்கு லொறி வந்த நேரம், யார் யாரோடு சண்டை பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே வருவது என் கடைசி நோன்புப் பெருநாள் சீசனில் நடந்தது. இன்று கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்து, டயரியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. மேல்மாடித் திரை

ரிஸாத்துக்கு அப்போது இருபத்தொரு வயது. கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்துவிட்டு வந்தவன். சேர்ந்து ஆறு மாதம்தான். கடையின் பேஸ்புக் பக்கம், சிசிடிவி கமரா, ஸ்டொக் கணக்கு மூன்றும் அவன் பொறுப்பு. மேல்மாடி அறையில் திரைக்கு முன்னால் இருப்பான். கெட்டிக்காரன்.

நான் படியேறும்போதே சொன்னான் (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்):

"மெனேஜர் காக்கா, கையும் மெய்யுமாப் புடிச்சிட்டம்!"

அரை நிமிடம்கூட இல்லாத காட்சி. அபாயா என்ற கறுப்பு நீள அங்கி போட்ட ஒரு பெண், பெண்கள் பகுதியிலிருந்து வெளியே வருகிறார். கையிலிருந்த துணிக் கட்டைத் தன் பைக்குள் வைக்கிறார். ஒருமுறை பக்கவாட்டில் பார்க்கிறார். கஷியர் மேசையில் நிற்காமல் வாசலால் போய்விடுகிறார். முகம் தெளிவாகத் தெரிகிறது. மேலே சிவப்பு எழுத்தில், "நோன்பு காலத்திலும் களவு! இவரைத் தெரிந்தவர்கள் அறியத் தரவும்."

தெரிந்தவர்கள் அறியத் தந்துவிட்டார்கள். ஆபிதா டீச்சர் தன் வீட்டில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். கணவர் இல்லை. படுக்கையில் இருக்கும் தாயை அவர்தான் பார்க்கிறார். அந்த வகுப்புத்தான் அவருடைய வருமானம், மரியாதை இரண்டும். திங்கள் நண்பகல், லுஹர் தொழுகைக்குப் பிறகு வீடியோ போடப்பட்டது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்க வேண்டிய ஓதல் வகுப்புக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை என்று ஊரே சொன்னது.

"ஸ்டொக்கப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்துத்தான் போட்டன் காக்கா. மூணு அபாயா கொறயிது. பில் இல்ல. அதுக்குப் பொறகுதான் கமராவ ரிவைண்ட் பண்ணின."

"லேடீஸ் செக்ஷன்ல கேட்டியா?"

"விமலாக்கா லீவு. போன் ஓஃப். மத்தப் புள்ளைக்கு ஒண்டும் தெரியாதாம்."

எங்கள் கடையில் பெண்கள் பகுதியில் கமரா கிடையாது. பெண்கள் உடுத்துப் பார்க்கும் இடம் என்பதால் முதலாளி ஹாஜியார் ஆரம்பத்திலேயே அதைத் தடுத்துவிட்டார். நல்ல முடிவு. ஆனால் அந்தப் பகுதியின் திரைச்சீலைக்கு உள்ளே என்ன நடந்தது என்பது எந்தத் திரையிலும் வராது. எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது; அதற்குப் பதில் விமலாவிடம்தான் இருக்கும். சந்தேகத்தை ஆதாரமாக எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. வீடியோவை முதலில் அழி என்று மட்டும் சொன்னேன்.

ஹாஜியார் கேட்கவில்லை. "விடுங்க மெனேஜர். இனி ஒருத்தரும் நம்மட கடையில கை வைக்க மாட்டாங்க. பின்னேரம் வரைக்கும் கெடக்கட்டும்."

2. திருக்கோவிலிலிருந்து வந்தவர்

லுஹருக்குச் சற்று முன்பு ஒரு ஓட்டோ வாசலில் நின்றது. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் செருப்பு. விமலா. பாண்டிருப்பைச் சேர்ந்தவர். பெண்கள் பகுதியில் பல வருடமாக விற்பனை செய்பவர். திருக்கோவிலில் தங்கை மகளின் சாமத்திய வீட்டுக்கு, பூப்பு நீராட்டு விழாவுக்கு, லீவு எடுத்துப் போயிருந்தார். சடங்கு முடிகிறவரை நிற்காமல் வந்திருக்கிறார்.

"ஆரடா அந்த வீடியோவப் போட்ட?"

கடையில் இருந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரிஸாத் படியில் நின்றான்.

"நான்தான் அக்கா."

"நீயா? நல்லம். அங்க சமையல் கட்டில பொம்பிளையள் எல்லாம் போனப் பாத்துப் பாத்துச் சிரிக்காளுகள். 'விமலா, இது உன்ட கடதானே, கள்ளி ஆரு?' எண்டு. பாத்தா ஆபிதா டீச்சர்! எனக்குக் கரண்டி கையால விழுந்துட்டு. ஞாயித்துக்கிழம பின்னேரம் நான்தானடா மடிச்சி, நான்தானடா அவட கையில குடுத்தன்!"

இங்கே எங்கள் ஊர்க் கடைகளின் ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். வயது போனவர்கள், நோயாளிகள், பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண்கள் கடைக்கு வர மாட்டார்கள். வீட்டிலிருந்து ஒருவர் வந்து மூன்று நான்கு உடுப்பைக் கொண்டுபோய்க் காட்டுவார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவார்கள். காசு அதற்குப் பிறகுதான். இதற்குப் பில் எழுதுவதில்லை, கையெழுத்தும் இல்லை. "பார்க்க அனுப்பியிருக்கு" என்ற வாய்ப்பேச்சுத்தான். சீசனில்தான் இது அதிகம் நடக்கும். ரிஸாத் சேர்ந்த பிறகு வந்த முதல் சீசன் இது. மேல்மாடியில் இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவனும் யாரிடமும் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாதே அக்கா."

"தெரியாட்டி கேக்கிறதுதானே? என்ட போன் ஓஃப் எண்டா, என்ன வந்து கேக்கிறத விட்டுட்டு உலகத்தக் கேக்கிறதா?"

ரிஸாத்தின் முகம் வெளிறிவிட்டது. போனை எடுத்தான். பதிவைத் தேடி அழித்தான்.

"அழிச்சிட்டன் அக்கா."

கஷியர் மேசையிலிருந்து ஸப்னா தலையை உயர்த்தினாள். அவளுக்கும் ஏறத்தாழ அவன் வயதுதான். அதிகம் கதைக்காதவள்.

"நீ அழிச்சா முடிஞ்சிதா? கத்தார்ல நம்மட ஆக்கள்ட போன்ல கெடக்கிறத ஆர் அழிக்கிற?"

ஹாஜியார் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "அழிச்சாச்சிதானே புள்ள. இனி வாயத் தொறக்காம இரிந்தா ரெண்டு நாளையில மறந்திருவாங்க. சீசன் முடியட்டும், டீச்சருக்கு ஒரு நல்ல பார்சல் அனுப்புவம்."

"மறக்க மாட்டாங்க ஹாஜியார். ஓதக் குடுக்கிற பொம்பிள களவெடுத்த எண்டா பேரப்புள்ளைக்கும் சொல்லுவாங்க. நாம பொய்ய எங்கெங்க பரப்பினமோ, அங்கயெல்லாம் போய் நாம சொன்னது பொய் எண்டு சொல்லோணும். அப்பதான் அது தவ்பா. சும்மா அழிச்சிட்டு அஸ்தஃபிருல்லாஹ் எண்டா எப்பிடி?" என்றாள் ஸப்னா. தவ்பா என்பது செய்த பாவத்திலிருந்து மீள்வது; அஸ்தஃபிருல்லாஹ் அதற்கு வாயால் கேட்கும் மன்னிப்பு.

"அப்ப கடைட பேர் என்னகா ஆகிற?"

"கடைக்கு வேற பேர் வைக்கலாம் ஹாஜியார். ஆபிதா டீச்சருக்கு வேற பேர் வைக்க ஏலாது."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.

"செய்ங்க," என்றார். "என்ன செய்யிறதா இரிந்தாலும் இண்டைக்கே தொடங்குங்க."

3. டீச்சரின் நிபந்தனை

அன்று அஸருக்குப் பிறகு விமலா, ரிஸாத், நான் மூவரும் போனோம். டீச்சரின் வீட்டு வாசலில், படியில் ஒரு சோடி நீலச் செருப்பு, குழந்தைச் செருப்பு, கிடந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுகிற வழக்கத்தில் அதையும் அன்று டயரியில் எழுதினேன்.

டீச்சர் கதவுச் சீலையைப் பாதி விலக்கி நின்றார். அழுத முகம் இல்லை. கோபமும் அடங்கிப்போன முகம்.

"விமலா, நான் வர இரிந்தன். வெளிய வர வெக்கமாக் கெடக்கு. இந்தாங்க, இதுக்குள்ள ரெண்டு அபாயா. மூணாவத உம்மா உடுத்துப் பாத்தா, இனிக் கழட்ட மாட்டன் எண்டுட்டா. காசும் இதுக்குள்ளதான்."

விமலா பையை வாங்காமல் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். ரிஸாத் முற்றத்து மணலில் நின்றபடி சொன்னான்:

"டீச்சர், நான்தான் போட்டன். என்ன மாப்பாக்கிருங்க."

"நோன்போட வந்து கேக்காய். இல்ல எண்ட ஏலாது மகன். மாப்புத் தந்துட்டன்." பிறகு கேட்டார்: "நான் மாப்புத் தந்தா என்ட புள்ளையள் ஓத வருவாங்களா?"

டீச்சரே தொடர்ந்தார்:

"திருத்திச் சொல்லப் போறீங்க எண்டா ஒண்டு மட்டும் கேக்கன். என்ட மொகத்த இன்னொரு தரம் போடப்படா. என்ட பேரையும் போடப்படா. 'ஆபிதா கள்ளி இல்ல' எண்டு போட்டா, கேள்விப்படாதவனும் 'ஆரு ஆபிதா?' எண்டு தேடுவான்."

நியாயமான பேச்சு. ஆனால் முகமும் பெயரும் இல்லாமல் ஒருவரை எப்படிக் குற்றமற்றவர் என்று ஊருக்குக் காட்டுவது? ஓட்டோவில் திரும்பினோம். கல்முனைச் சந்தியைத் தாண்டியதும் ரிஸாத் சொன்னான்:

"அவட மொகம் வேணாம் காக்கா. என்ட மொகம் இரிக்கிதானே."

4. அதே கமரா

புதன் காலை, கடை திறக்க முன்பு எல்லோரும் வந்துவிட்டார்கள். திட்டம் ரிஸாத்துடையது. அதே கமரா, அதே வழி, அதேபோல மூன்று அபாயா. கமராவில் ஒலி பதிவாகாது என்பதால் குரலை ஸப்னா தன் போனில் எடுப்பாள். அவன் பிறகு இரண்டையும் சேர்ப்பான்.

முதல் தடவை மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தான். விமலா இடுப்பில் கை வைத்தார்.

"கழட்டு தம்பி. டீச்சர்ட வீடியோவப் போடக்குள்ள அவட மொகத்துக்கு மாஸ்க் போட்டு விட்டியா?"

கழற்றினான்.

"உம்மாட்டச் சொல்லிட்டியா?" என்று நான் கேட்டேன்.

"ஓம் காக்கா. அழுதா. பொறகு, மொகத்த நல்லாக் கழுவிட்டுப் போ எண்டா."

இரண்டாவது தடவை சரியாக வந்தது. பெண்கள் பகுதியின் சீலை விலகுகிறது. விமலா வெளியே வந்து, கமராவுக்குத் தெரியும்படி, துணிக் கட்டை ரிஸாத்தின் கையில் கொடுக்கிறார். அவன் அதைப் பைக்குள் வைக்கிறான். ஒருமுறை பக்கவாட்டில் பார்க்கிறான். கஷியரில் நிற்காமல் வாசல் வரை போகிறான். பிறகு திரும்பி, முகம் திரையை நிறைக்கும் வரை கமராவை நோக்கி வருகிறான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ரிஸாத். இந்தக் கடையில வேல செய்றன். இப்ப மூணு அபாயா எடுத்துட்டுக் காசு குடுக்காமப் போனன். பாத்தீங்கதானே? இது களவு இல்ல. வீட்டில காட்டிட்டு வாங்க எண்டு கடையே குடுத்தது. முந்தாநாள் நான் போட்ட வீடியோவிலயும் நடந்தது இதுதான். கேக்காமப் போட்டது நான். அந்த ராத்தாட வீடியோ உங்கட போன்ல இரிந்தா அழிங்க. அனுப்பின இடத்துக்கெல்லாம் இத அனுப்புங்க. சிரிக்கிற எண்டா என்னப் பாத்துச் சிரிங்க."

பேசி முடித்ததும் ஸப்னா போனைத் தாழ்த்தினாள். "நல்லாச் சொன்னாய்," என்றாள். அவள் அவனைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

5. சங்கிலி

வீடியோவைப் போட்டால் மட்டும் போதாது, பழையது போன வழியெல்லாம் இது போக வேண்டும் என்பதில் ஸப்னா விடாப்பிடியாக இருந்தாள். ஸ்டோர் அறையில் துணிப் பொதிகளின் மேல் பிள்ளைகள் போனோடு அமர்ந்தார்கள். கடைப் பிள்ளைகளில் அநேகமாக எல்லாருமே அந்த வீடியோவை எங்காவது அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் அனுப்பியவரை அழைத்து, "நீங்க ஆருக்கு அனுப்பின?" என்று கேட்க வேண்டும். பிறகு அந்த ஆளை அழைக்க வேண்டும்.

நபிமொழியான ஹதீஸைத் தொகுத்த அறிஞர்கள் ஒரு செய்தியைச் சொன்னவரை, அவருக்குச் சொன்னவரை என்று சங்கிலியாகத் தேடி ஊர் ஊராகப் போனதை நான் வாசித்திருக்கிறேன். அந்த வேலையைத் துணிக் கடையின் ஸ்டோரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"மாமி, நீங்க அத எத்தின குறூப்புக்கு அனுப்பின?"

"நான் ஒண்டுக்கும் அனுப்பல்ல மகன். நம்மட குடும்பக் குறூப்புக்கு மட்டும்தான்."

"எத்தின குடும்பக் குறூப் மாமி?"

"நாலு."

கத்தாரில் இருந்த ஒருவன் தான் அப்போதே அழித்துவிட்டதாகச் சத்தியம் செய்தான். "அழிச்சது உன்ட போன்ல மச்சான். உன்ட றூம்ல இரிக்கிற பதினொரு பேர்ட போன்லயும் அழி," என்றாள் எங்கள் கடையில் வேலை செய்யும் அவனுடைய மச்சினி. ஒரு பெரிய மனிதர், தான் அனுப்பவே இல்லை என்று கோபப்பட்டார். அவர் அனுப்பியதை, அவருடைய பெயரோடு, அவருக்கே திரும்ப அனுப்பினார்கள். சற்று நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது: "அது சின்னவன் என்ட போன எடுத்துச் செஞ்சது. இப்ப உங்கட வீடியோவ நானே போடுறன்." யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கப் போன ஒரு பையனை ஸப்னா தடுத்தாள். "விடு. அவர்ட மொகத்தையும் காப்பாத்தி விடு."

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஓர் இளைஞன் நடத்தும் செய்திப் பக்கம். வீடியோ அங்கேதான் அதிகம் ஓடியது. போனை எடுக்கவில்லை. பின்னேரம் ரிஸாத்தும் நானும் அங்கே போனோம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையின் பின்னறை.

"மச்சான், ஓடுற வீடியோவ ஆரும் அழிப்பானா?" என்றான் பக்கத்தை நடத்தும் அந்த இளைஞன். "நீங்க மறுப்பு அனுப்பினா கீழ கொமெண்ட்ல போட்டு விடுறன்."

ரிஸாத் கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

"கள்ளியப் புடிச்ச கதை ஊருக்கு ஊரு இரிக்கி மச்சான். கள்ளி எண்டு சொன்னவன் வந்து கமராவுக்கு முன்னால நிண்டு மாட்டிக்கிட்ட கதை உன்னட்ட மட்டும்தான் இரிக்கப் போகுது. எது ஓடும்?"

அவன் வீடியோவைப் பார்த்தான். பாதியில் சிரிப்பு வந்தது. கடைசியில் சிரிப்பு நின்றது. திரும்ப ஒருமுறை பார்த்தான்.

"மெய்யா உன்ட மொகத்தோட போடவா?"

"மொகத்தோடதான்."

எங்கள் கண் முன்னாலேயே பழையதை அழித்தான். புதியதைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்தினான். வெளியே வரும்போது பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்தோம். கஞ்சிக் கோப்பை கையில் இருக்கும்போதே எதிரில் இருந்த ஒருவர் போனைப் பார்த்தார், ரிஸாத்தைப் பார்த்தார், திரும்பப் போனைப் பார்த்தார்.

"தம்பி, காசு குடுக்காமப் போன ஆள் நீதானே?"

"ஓம் காக்கா."

அவர் தன் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து இவன் தட்டில் வைத்தார்.

6. வெள்ளிக்கிழமைச் சத்தம்

வியாழக்கிழமை கடைக்கு வந்தவர்கள் ரிஸாத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். வந்தவர்கள் துணியும் வாங்கினார்கள். பெண்கள் பகுதியில், "எங்களுக்கும் பார்க்க அனுப்புங்க" என்று கேட்டவர்களை விமலாவால் சமாளிக்க முடியவில்லை. அந்தக் கட்டுக்கு "ரிஸாத் பார்சல்" என்று பெயர் வந்துவிட்டது. இப்போதும் அந்தப் பெயர்தான். ஹாஜியார், கேட்கிற எல்லாரிடமும், "நான்தான் செய்யச் சொன்ன," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யும் அல்ல.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு விமலா எனக்குப் போன் பண்ணினார். "மெனேஜர், டீச்சர்ட றோட்டால ஒருக்கா வாங்க. கதைக்காம வாங்க."

நானும் ரிஸாத்தும் போனோம். வீட்டுக்குள் போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை. தெரு முடக்கிலேயே கேட்டது. ஒரு கூட்டம் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஓதும் சத்தம். ஒருவர் பிழைவிட, டீச்சரின் குரல் திருத்த, எல்லோரும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். படியில் செருப்புகள் நிறைந்து முற்றத்து மணல் வரை கிடந்தன. விமலா மதிலோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ரிஸாத் செருப்புகளை எண்ணத் தொடங்கினான், குழம்பினான், விட்டுவிட்டான்.

கமராவில் காண்பது ஒரு கேள்வி மட்டுமே. விடையை மனிதரிடம்தான் கேட்க வேண்டும் என்பது அந்த வாரம் நாங்கள் கற்றது. அதன் பிறகு எங்கள் கடையிலிருந்து யாருடைய முகமும் வெளியே போனதில்லை. பார்க்க அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்தவில்லை. புதிதாகச் சேரும் எவரும் மேல்மாடித் திரைக்கு முன்னால் உட்கார முன், ஒரு வாரம் விமலாவோடு பெண்கள் பகுதியின் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் ரிஸாத்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் டயரியில் அந்த நீலச் செருப்பைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை அஸர் நேரம். திருத்த வீடியோ அப்போது எடுக்கப்படவே இல்லை. வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை என்று ஊரே சொன்ன நாள். டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

"ஓம்," என்றார். "ஒரு புள்ள மட்டும் வந்திச்சு. திங்களும் வந்திச்சு, செவ்வாயும் வந்திச்சு. அந்த ரெண்டு நாளும் அந்தப் புள்ளைக்காகத்தான் பாயை விரிச்சன்."

"ஆர்ட புள்ள டீச்சர்?"

"அதச் சொல்ல மாட்டன் காக்கா. சொன்னா மத்தப் புள்ளையள்ட உம்மாமாருக்கு அது குத்திக்காட்டினாப் போல இரிக்கும்."

எந்த ஆதாரமும் கேட்காமல், ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது தன் பிள்ளையின் கையில் குர்ஆனைக் கொடுத்து அனுப்பிய வீடு எது என்று வேறு சிலரிடமும் விசாரித்தேன். இரண்டு வீடுகளைச் சொன்னார்கள். இரண்டு வீட்டாரும் தாங்கள் இல்லை என்கிறார்கள். ஆகவே, நீலச் செருப்பு யாருடைய பிள்ளையுடையது என்பது இக்குறிப்பை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.